துப்பாக்கியில் ஒரு விளக்கு, கையில் ஒரு விளக்கு

நவம்பர் 4, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குச் சாதகமாக எதையும் மாற்ற மாட்டேன். அம்மாவுக்குச் சாதகமாகவும் மாற்றக் கூடாது. அதுதான் கஷ்டம்.

முதல் உண்மை: அம்மாவைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. போன மாதம் சாலைக்கு அந்தப் பக்கத்து வீட்டில் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். அப்பா லாரி எடுத்துக்கொண்டு போனால் வர நாளாகும். அதனால் அம்மா தன் கைத்துப்பாக்கியின் குழலுக்கு அடியில் ஒரு விளக்கைப் பொருத்திக்கொண்டாள். நல்ல விளக்குதான். லாயத்தின் மறுகோடி வரை பகல்போல் தெரிகிறது. மொன்டானாவில் இப்போது சாயங்காலமே இருட்டிவிடுவதால் எதற்கெடுத்தாலும் அதையே தூக்குகிறாள். இன்று துப்பாக்கியால் பூனையைத் தேடினாள்.

வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கேதானே குழலும் பார்க்கிறது? மாடிப்படியில் படித்துக்கொண்டிருந்த என் மேலும் விழுந்தது.

"அம்மா, அத எம்பக்கம் காட்டாத!"

"வெரல் விசைக்கு வெளியதான்டி இருக்கு. எனக்குத் தெரியாதா?"

நவம்பர் 5

இன்று மாடிப்படியில் உட்காராமல் என் அறையிலேயே படித்தேன்.

நவம்பர் 9, சனி

இருட்டில் துப்பாக்கியைக் கையாளப் பெண்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறதென்று நூலகத்து அறிவிப்பில் பார்த்து அம்மாவிடம் சொல்லியிருந்தேன். "அங்க போனா உன் வாய் மூடுமா, இங்க்ரிட்?" என்று கேட்டுவிட்டு அம்மா கிளம்பினாள். நானும் போனேன்.

துப்பாக்கி சுடும் கழகத்தின் பழைய கொட்டகை. ஜன்னல்களில் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டி இருட்டாக்கியிருந்தார்கள். முன்பு போலீசில் இருந்த பெவர்லி என்பவர்தான் நடத்தினார். தோட்டாக்களையெல்லாம் வாங்கி ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுவிட்டு, பெண்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். மூலையில் சத்தம் கேட்கும். என்னவென்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எல்லோருமே துப்பாக்கி விளக்கைத்தான் உயர்த்தினார்கள். அம்மாவின் வெளிச்சத்தில் நின்றது அட்டையில் வெட்டிய ஒரு பையன். கையில் பீட்சா.

"சபாஷ் கார்லா! ராத்திரி சாப்பாட்டையே குறி வெச்சிட்டியே!" என்றார் பெவர்லி. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. பிறகு பெவர்லி சொல்லிக்கொடுத்தார்:

"கையில இருக்கற டார்ச்சுதான் பாக்கறதுக்கு. துப்பாக்கியில இருக்கறது, யாருன்னு பாத்து முடிச்சு, வேற வழியே இல்லங்கிறப்ப மட்டும். மொதல்ல தரையில அடி, இல்ல கூரையில அடி. அந்த வெளிச்சத்துலயே மொத்த அறையும் தெரியும். வெள்ளச் சுவத்துல கிட்டக்க அடிச்சா உன் கண்ணுதான் போகும்."

வண்டியில் ஏறியும் அம்மா சாவியைத் திருகவில்லை.

"அன்னிக்கி படியில நீதான உக்காந்திருந்த?"

"ஆமாம்மா."

வழியில் ஒரு டார்ச் வாங்கினோம்.

நவம்பர் 13

இடக்கையில் டார்ச், வலக்கையில் ஒன்றுமில்லை. அம்மா வீட்டிலுள்ள எல்லா மூலைகளையும் விசாரித்துவிட்டாள்.

நவம்பர் 19, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சாயங்காலம் காற்றில் மின்சாரம் போய்விட்டது. போனும் இல்லை. லாயத்து வாசலில் இரும்புச் சத்தம் — டங், டங். குதிரைகள் கனைத்தன. "உள்ளயே இரு" என்று சொல்லிவிட்டு அம்மா போனாள். நான் இருக்கவில்லை, பின்னாலேயே போனேன்.

"யாரது?"

டங்.

"யாருன்னு சொல்லு!"

மறுபடியும் டங். அம்மா டார்ச்சைத் தரையில் அடித்தாள். பனித்தரையிலிருந்து வெளிச்சம் மேலே பரவியது. ரப்பர் பூட்ஸ். அதற்கு மேல், தலைக்கு உயரே ஓங்கிய கடப்பாரை. அம்மாவின் வலக்கை இடுப்புத் துப்பாக்கியில் இறுகியதைப் பார்த்தேன். எடுக்கவில்லை. டார்ச்சைத்தான் கொஞ்சம் உயர்த்தினாள். காது மூடும் தொப்பி, வெள்ளைத் தாடி — அடுத்த பண்ணை ஸ்டோஃபர் தாத்தா! காற்றடித்தால் விசில் அடிக்கிறதென்று காது மெஷினைக் கழற்றி வைத்துவிடுவார்.

"கண்ணு கூசுது, எறக்கும்மா! கரண்டு போனா உன் தண்ணித் தொட்டி ஹீட்டரும் போச்சு. மொத்தமும் ஐஸ் ஆனா குதிரைங்க என்னத்தக் குடிக்கும்?" என்று கத்திவிட்டு மறுபடியும் பனிக்கட்டியைக் குத்தினார்.

அந்த வகுப்புக்குப் போறதுக்கு முன்னாடியா இருந்தா? கடப்பாரைய ஓங்கின ஆளு, கூப்பிட்டாலும் பேசல — வேணாம், இத எழுதல. இல்ல, எழுதறேன். சுட்டிருப்பா. எங்கம்மா அவரச் சுட்டிருப்பா.

சுடவில்லை. நன்றி. யாருக்கு என்று தெரியவில்லை, எல்லோருக்கும்.

நவம்பர் 20

அம்மா ஆப்பிள் பை பலகாரம் செய்து தாத்தாவுக்குக் கொடுத்தாள். "என்னம்மா விசேஷம்?" என்று அவர் கேட்டார். "சும்மாதான்."

நவம்பர் 28, நன்றி நாள்

அப்பா வந்துவிட்டார். ஸ்டோஃபர் தாத்தாவும் மெஷினை மாட்டிக்கொண்டு சாப்பிட வந்தார். வான்கோழியை வெட்டும் முன் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டும். தாத்தா தன் மூட்டுவலி குறைந்ததற்குச் சொன்னார். நான் நூலகத்துக்குச் சொன்னேன். அம்மாவின் முறை வந்ததும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குதிரைங்களுக்குத் தண்ணி கெடைச்சதுக்கு," என்றாள் கடைசியில்.

அப்பா சிரித்தார். "இவ்வளவு யோசிச்சு இதுதானா?"

"அதுக்கு எனக்கில்ல நன்றி சொல்லணும்?" என்றார் தாத்தா.

"உங்களுக்குத்தான் சொல்றேன்" என்ற அம்மா, அவர் தட்டில் யாரும் கேட்காமலே ஒரு பெரிய துண்டை வைத்தாள். குரல் உடைந்தது. அவர் கவனிக்கவில்லை, குழம்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அப்பாவும் அம்மாவும் தாத்தாவை அவர் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். திருட்டு நடந்ததிலிருந்து விடிய விடிய எரிந்துகொண்டிருந்த முற்றத்து விளக்கை அம்மா சற்றுமுன் அணைத்துவிட்டாள். சமையலறையும் இருட்டிவிட்டது. இனி என் மேஜை விளக்கு ஒன்றுதான். அதையும் அணைக்கிறேன்.