தேர்வுக்கு முந்தைய வாரம்

பிப்ரவரி 3, சுவா

விடாத மழை. ஜிமேட் தேர்வுக்கு இன்று பெயர் கொடுத்துவிட்டேன். மே 17, சனிக்கிழமை. பிரிஸ்பேனில் மேலாண்மைப் படிப்புக்கு அந்த மாதக் கடைசிக்குள் மதிப்பெண் போய்ச் சேர வேண்டும். ஹோட்டலில் துணை மேலாளர் நாற்காலி எனக்கு அலுத்துவிட்டது. முப்பத்து நாலு வயதில் இனி எப்போது?

அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். காலையில் கணக்கு, மதியம் வாசிப்பு, ஞாயிறு சர்ச் முடிந்து மாதிரித் தேர்வு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஈசோவா நின்று பார்த்தான்.

"ஹோட்டல்ல ரூம் ஒதுக்கற மாதிரியே போட்டிருக்க. புருஷனுக்கு ஒரு ரூம் காலியா இருக்கா?"

துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவன். வீட்டுக்கு வந்தால் என்னை இழுப்பான்.

பிப்ரவரி 11

எழவில்லை.

பிப்ரவரி 12

எழுந்தேன். உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

மார்ச் 9, ஞாயிறு

மாதிரித் தேர்வில் 485. வேண்டியது 555. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தூங்கிப்போன அந்த இரண்டு நாளுக்குப் பிறகு ஒரு நாள்கூட விடவில்லையே — பிறகு எங்கே போயிற்று எல்லாம்?

ஈசோவா விடைத்தாளைப் புரட்டினான். "வாசிப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. இந்த 'தகவல் போதுமா'ங்கற கேள்விதான் மொத்தமும் தப்பு. நேத்து என்ன படிச்ச?"

"வாசிப்பு."

"முந்தா நாள்?"

"அதுதான் எனக்கு வருது, ஈசோவா!"

"வர்றதையே படிச்சுக்கிட்டு இருந்தா வராதது எப்ப வரும், கெலே?"

எரிச்சலாக இருந்தது. இவன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் இல்லை, என்னைவிடக் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 10

அட்டவணையைக் கிழித்துவிட்டேன். காலைத் தேநீருக்கு முன் பயப்படுகிற கணக்கு கொஞ்சம். கொஞ்சம்தான். தப்பானதை மறுநாள் மறுபடி. அதற்கு மேல் செய்தால் சந்தோஷம், செய்யாவிட்டால் குற்றமில்லை.

மார்ச் 28

ஆசையே வரவில்லை. ஆனால் உட்கார்ந்துவிடுகிறேன். ஆசை வந்துதான் படிக்க வேண்டும் என்று யார் சொன்னது? பல் தேய்க்க ஆசைப்பட்டா தேய்க்கிறோம்?

ஏப்ரல் 20, ஈஸ்டர்

535. யாரிடமும் சொல்லவில்லை. தனியாகப் போய் ஐஸ்கிரீம் தின்றேன்.

மே 10

கந்தாவுத் தீவில் ஈசோவாவின் தாய்மாமா இறந்துவிட்டார். இவனை வளர்த்தவர் அவர்தான். செய்தி வந்ததும் படகுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ வர வேணாம், கெலே. நான் சொல்லிக்கறேன்" என்றான்.

என்ன சொல்வான்? மாமா சாவுக்கு வராமல் பெண்டாட்டி கணக்குப் போடுகிறாள் என்றா? அங்கே யாரும் திட்ட மாட்டார்கள். என் பெயரைச் சொல்வதைத்தான் நிறுத்துவார்கள். அதெல்லாம் இருக்கட்டும். இவன் அழும்போது நான் இங்கே உட்கார்ந்து என்னத்தைப் படிப்பது?

போகிறேன். சாவு வீட்டுக்கு முறையாகக் கொடுக்க வேண்டிய பாய்களைச் சுருட்டிக் கட்டிவிட்டேன். வியாழக்கிழமைக் கப்பலில் திரும்பினால் போதும்.

மே 13, கந்தாவு

சமையல் கொட்டகை. சேப்பங்கிழங்கு சீவிச் சீவிக் கை அரிக்கிறது. ஈசோவாவின் அக்கா தோரிக்காவின் ராஜ்ஜியம் இது. நான் இடுப்பில் செருகியிருந்த 'தகவல் போதுமா' கேள்வித் தாளைப் பிடுங்கிவிட்டாள்.

"என்னடி இது, காதல் கடுதாசியா?"

கேள்வியை விளக்கினேன்.

"இரு, இரு. விடை கண்டுபிடிக்க வேணாம். கண்டுபிடிக்க முடியுமா முடியாதான்னு மட்டும் சொல்லணும். அப்படியா?"

"ஆமா அக்கா."

"இதுக்கா பிரிஸ்பேன் போற? எங்க ஊர் ஆம்பளைங்க வேலையெல்லாம் இப்படித்தானே நடக்குது!"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. சாவு வீடு என்று யாரோ அதட்டினார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை.

மே 14

அடக்கம் முடிந்தது. ஆண்கள் பாடும்போது ஈசோவாவின் குரல் பாதியில் நின்றுவிட்டது. நாலாம் நாள் விருந்துவரை வீட்டுப் பெண்கள் இருக்க வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது. அது ஞாயிறு; தேர்வோ சனி. நான் வாய் திறக்கவில்லை. ஈசோவாவிடமும் சொல்லவில்லை. இன்று அவனிடம் எதைக் கேட்பது!

போனால் போகட்டும். அடுத்த வருஷம்… அடுத்த வருஷமா?

மே 15, கப்பல்

காலையில் தோரிக்கா அக்கா வந்து, "உன் பை எங்கடி?" என்றாள்.

"நாலாம் நாள் முடியட்டும் அக்கா."

"நடிக்காத. தண்ணி எடுக்கப் போறப்பல்லாம் கடலப் பாத்துக்கிட்டு நிக்கற. நேத்து ராத்திரி தம்பிகிட்ட விசாரிச்சேன். இங்க கிழங்கு சீவ இவ்வளவு பேர் இருக்காங்க. அங்க உனக்குப் பதிலா உக்கார யாரு இருக்கா?"

பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். "நான்தான் அனுப்பறேன். கேக்கறத என்கிட்ட கேளுங்க" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். படகுத்துறையில் வேகவைத்த மரவள்ளியை இலையில் கட்டிக் கையில் திணித்தாள்.

"தோத்துட்டு வந்தேன்னு வை, முதல்ல சிரிக்கப்போறது நான்தான்."

வழியெல்லாம் வாந்தி. ஒரு கணக்கும் போடவில்லை.

மே 17

565.

திரையை விட்டு எழ மனமில்லை. மேற்பார்வைப் பெண் வந்து, "முடிஞ்சுதுங்க, கிளம்பலாம்" என்றாள்.

மே 18

இன்றுதான் தோரிக்கா அக்கா தொலைபேசியில் கிடைத்தாள். பின்னால் விருந்துச் சத்தம்.

"565 அக்கா."

"அது நிறையவா?"

"உள்ள விடுவாங்க."

மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "சரி, மாமாவோட நூறாம் நாள் விருந்துக்கு வந்து பாத்திரம் கழுவு. இந்தத் தடவை தப்பிச்சுட்ட" என்றாள்.

பிப்ரவரி 24, பிரிஸ்பேன்

முதல் வகுப்பு. பேராசிரியர் என் பெயரைத் தப்பாகச் சொன்னார். திருத்தினேன். மறுபடி தப்பு. மறுபடி திருத்தினேன். மூன்றாம் தடவை சரியாக வந்தது.

ஈசோவாவுக்கு இங்கே துறைமுகத்தில் வேலை கிடைத்தால் ஏப்ரலில் வருவான். வெள்ளிக்கிழமைக்குள் படிக்க ஒரு கட்டுத் தாள் கொடுத்திருக்கிறார்கள். பிடிக்காத பாடத்தை மேலே வைத்திருக்கிறேன். காலையில் பார்க்கலாம்.