டுரினிலிருந்து உதிரிபாகம்

நாயுடுபுரம், கொடைக்கானல்
14 ஆகஸ்ட் 2023

அன்புள்ள ஆக்ஸிலியாவுக்கு,

இங்கே நான் சுகம். நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, இனிமேல் கடிதம் எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னாய். நானும் சரியென்று உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

வண்டி கிளம்பிவிட்டது. பள்ளியில் பியானோ சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரர் ஷெட்டோடு விட்டுப்போன அந்த இத்தாலிக் கார்தான். காயலான் கடைக்குப் போட வேண்டியதை வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள் என்றாயே, அதே சிவப்பு வண்டி. ஞாயிறு பூசை முடிந்து வந்து சாவியைத் திருப்பினேன். முதலில் இருமியது, அப்புறம் பாடியது. பெருமாள்மலை வரை போனேன். நம் வாடகை ஜீப் சொன்ன இடத்துக்குச் சொன்னபடி போகும், அதில் எனக்கு என்ன வேலை இருக்கிறது? இது எந்த வளைவில் நிற்குமோ தெரியாது. அதனாலேயே ஒவ்வொரு வளைவையும் கண்ணைத் திறந்து பார்த்து ஓட்டுகிறேன்.

திரும்பும்போது நின்றுவிட்டது. ஃப்யூவல் பம்ப். அந்த வண்டி பிறந்த ஊரிலேயே நீ வேலை பார்க்கிறாய். லீவு நாளில் கொஞ்சம் விசாரித்துப் பார்.

உன் டேனி


டுரின்
2 அக்டோபர் 2023

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. என் சுகத்தைப் பற்றி ஒரு வரியும், பம்ப்பைப் பற்றி மூன்று வரியும் எழுதியிருந்தீர்கள். குறையாகச் சொல்லவில்லை, எண்ணிப் பார்த்தேன்.

பம்ப் கிடைத்தது. இரண்டு டிராம் மாறிப் போய் ஒரு சந்துக்குள் கடையைக் கண்டுபிடித்தேன். இந்தியாவில், அதுவும் மலையில், அந்த வண்டியா என்று கடைக்காரர் இரண்டு தடவை கேட்டார். நான் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் சொன்னேன். அவருடைய கணவரும் அதே வண்டி வைத்திருந்தாராம். "ஓட்டினது அவரு, தள்ளினது நானு" என்கிறார். எழுந்து நடக்க முடியாதவர், அதைச் சொல்லும்போது மட்டும் கையால் தள்ளிக் காட்டினார்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் லீவு கொடுத்திருக்கிறார்கள். மதுரை விமான நிலையத்துக்கு ஜீப்பில் வாருங்கள். இரண்டு இரவு தூக்கமில்லாமல் வருவேன். தயவுசெய்து ஜீப்பில்.

உங்கள் ஆக்ஸிலியா


நாயுடுபுரம்
20 ஜனவரி 2024

அன்புள்ள ஆக்ஸிலியாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். போகும்போது நீ அதிகம் பேசவில்லை.

அன்றைக்கு மதுரைக்கு நான் ஜீப்பிலேயே வந்திருக்கலாம். நீ வாங்கிக்கொடுத்த பம்ப் போட்ட வண்டியில் உன்னையே கூட்டிவர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வத்தலக்குண்டு வரை ஒரு குறையும் இல்லை, நீயே பார்த்தாய். மலையேறி ஊத்து கிராமம் தாண்டி மூடுபனியாக மஞ்சு இறங்கியதும் வைப்பர் நின்றது, ஹெட்லைட் போனது, அப்புறம் எல்லாமே போனது. ஈரம் பட்டால் அதன் வயரிங் தாங்காது. வெயில் காய்கிற ஊருக்குச் செய்த வண்டி. அதைக் குற்றம் சொல்லி என்ன?

அன்றிரவு உன்னை ஏற்றிக்கொண்டு போன லாரிக்காரர் வேல்ராஜ் நேற்று கடைவீதியில் பார்த்து உன்னை விசாரித்தார்.

வயரிங்கை மொத்தமாக மாற்றுகிறேன். அடுத்த முறை நிற்காது.

உன் டேனி


டுரின்
18 பிப்ரவரி 2024

அன்புள்ள அத்தானுக்கு,

வண்டி நின்றதற்காக எனக்குக் கோபமில்லை. "அஞ்சே நிமிசம், ஆக்ஸி" என்று சொல்லிவிட்டு டார்ச்சோடு பானெட்டுக்குள் தலையை விட்டீர்கள். தூறலில் நான் பெட்டியோடு ரோட்டோரம் நின்றேன். வடுகபட்டியில் பூண்டு இறக்கிவிட்டு வந்த லாரிதான் நின்றது. "ஏறுங்கக்கா, இது இன்னைக்குக் கெளம்பாது" என்றார் வேல்ராஜ். நான் ஏறும்போது நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போய்விட்டேன் என்பதே உங்களுக்குப் பிறகுதான் தெரிந்ததாம்.

மீதி லீவும் நீங்கள் ஷெட்டில்தான் இருந்தீர்கள். சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்து வைத்தேன்.

ஒன்றை மறைக்க மாட்டேன். வத்தலக்குண்டுக்கு முன்னால், புளியமர நிழலில் வண்டி பறந்தபோது எனக்கும் பிடித்திருந்தது. நீங்கள் சிரித்துக்கொண்டே ஓட்டினீர்கள். கல்யாணமான புதிதில் பார்த்த முகம். நானும் சிரித்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை.

வண்டியை விற்கச் சொல்லவில்லை. கணவரை அழைத்துக்கொள்ள எனக்கு இப்போது அனுமதி உண்டு. மே மாதத்துக்குள் பாஸ்போர்ட் எடுங்கள். ஒரு வருடம் இருந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் நானே வேலையை விட்டுக் கூட வருகிறேன்.

உங்கள் ஆக்ஸிலியா


நாயுடுபுரம்
9 ஜூன் 2024

அன்புள்ள ஆக்ஸிலியாவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. சீசன் சோலி உனக்குத் தெரியாததில்லை.

கோடை விழாவில் பழைய கார்களை ஏரியைச் சுற்றி ஓட்டினார்கள். நம் வண்டி முழுச் சுற்றும் நிற்காமல் வந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அங்கேயே விலை கேட்டார், கொடுக்கிற வண்டி இல்லை என்றுவிட்டேன். நீ பக்கத்து சீட்டில் இருந்திருக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டுக்கு மதுரை போக நாள் வாங்கியிருந்தேன். அன்றைக்கு வெள்ளனே கிளம்பும் நேரத்தில் கியர் விழவில்லை. ஜீப்பும் சவாரி போயிருந்தது. பஸ்ஸில் போயிருக்கலாம்தான். இன்னொரு நாள் வாங்குகிறேன். ஆனால் ஒன்று யோசித்துப் பார். நான் அங்கே வந்துவிட்டால் வண்டியை யார் பார்த்துக்கொள்வது? ஒரு மாதம் ஓட்டாமல் போட்டால் எல்லாம் இறுகிவிடும்.

இரண்டாம் கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது. அந்தக் கடையில் இருக்கும். படம் வரைந்து வைத்திருக்கிறேன், பார்.

உன் டேனி


டுரின்
21 ஜூலை 2024

அன்புள்ள டேனிக்கு,

வளையம் இரண்டு அனுப்பியிருக்கிறேன். ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும்.

உங்கள் கேள்வியை நானும் யோசித்தேன். நீங்கள் வந்துவிட்டால் வண்டியைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லைதான். நீங்கள் அங்கேயே இருங்கள். இதை வருத்தத்தில் எழுதவில்லை. வருத்தம் ஏப்ரலில், மே மாதத்தில் இருந்தது.

இங்கே வேலையில் இன்னும் நான்கு வருடம் இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். தனியாக ஒரு வீடு எடுத்திருக்கிறேன். சின்னதாக ஒரு காரும் வாங்கினேன். பழையது, சாம்பல் நிறம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. காலையில் கிளம்புகிறது, சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறது.

மழைக்காலம் வருகிறது. விளக்கைச் சரிபார்க்காமல் காட்ரோட்டு மலைப்பாதையில் இறங்காதீர்கள்.

கடைக்காரரின் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவருக்கு ஆங்கிலம் தெரியும், உங்களைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன். இனிமேல் எது வேண்டுமானாலும் அவருக்கே எழுதுங்கள்.

ஆக்ஸிலியா