முதுகைத் தொட்டால் எழ வேண்டும்

சேலையூர்,
12-8-1988

மேரியின் அப்பாவுக்கு ஞானம்மா தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் சின்னவள் அருளும் சுகம். மஸ்கட் வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

பெரியவளை விளையாட்டு வெயில்தான் கொண்டுபோனது, அருளை அதில் விடாதே என்று எழுதியிருந்தீர்கள். மஞ்சள்காமாலை என்று டாக்டர் சொன்னதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

என் மனதை வேறொன்று அரித்தது. மேரியின் முப்பதாம் நாள் பூசைக்கு, மேல்சாதி ஆபீசர்கள் குடியிருக்கும் காலனிப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். நம் வீட்டில் டீ குடித்தார்கள். பள்ளியில் நம் தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடாதவர்கள் அவர்கள். இது எப்படி நடந்தது? எல்லாம் பி.டி. பீரியடில் பழகியது என்று அருள் சொன்னாள். அதனால் போய்ப் பார்த்தேன்.

மைதானத்தில் பிள்ளைகள் ஒரே வரிசையில் குந்தியிருந்தார்கள். காலனிப் பிள்ளைகள் ஒரு பக்கம் பார்த்து, நம் பிள்ளைகள் எதிர்ப்பக்கம் பார்த்து. இங்கேயும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரம். பி.டி. எடுக்கிற லோகநாயகி டீச்சரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். கோ-கோ ஆட்டத்தில் பக்கத்துப் பக்கத்து ஆள் எதிரெதிராகத்தான் உட்கார வேண்டுமாம். துரத்துகிறவள் முதுகைத் தொட்டு "கோ" சொன்னால்தான் எழலாமாம். நம் பிள்ளை, காலனிப் பிள்ளை என்று மாற்றி மாற்றி உட்காரவைத்தது டீச்சர்தானாம்.

"முதல்ல தொடவே மாட்டாங்கம்மா. தூர நின்னு கோன்னு கத்துவாங்க. உங்க மேரிதான் காலனிப் பொண்ணு திரிபுரசுந்தரியைப் பாத்து, ‘இன்னாடி, கை ஒட்டிக்குமா? நல்லா அட்ச்சு எழுப்புடி’ன்னா. அவளும் ஓங்கி அடிச்சா. அன்னைக்கு எல்லாருக்கும் சிரிப்பு" என்றார்.

அவள் வாய் உங்களுக்குத் தெரியாதா. நானும் சிரித்துவிட்டேன், அத்தனை பேர் எதிரில். பிறகுதான் அழுதேன்.

வரிசையில் மேரியின் இடம் காலியாகவே இருந்தது. அந்தச் சுந்தரி வந்து என் கையைப் பிடித்து, "அருளை அனுப்புங்கோ ஆன்ட்டி" என்றாள்.

அனுப்பிவிட்டேன். உங்களைக் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் இது. அக்கா போனதிலிருந்து சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோனவள், இப்போது முட்டியெல்லாம் சிராய்ப்போடு வந்து, இன்னும் போடு என்கிறாள்.

கோபத்தை எனக்கு எழுதுங்கள். பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் மேரி போன பிறகு வந்த உங்கள் கடிதங்களில் அருளின் பேர் ‘விடாதே’ என்ற இடத்தில் மட்டும்தான் இருக்கிறது. நான் படிக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரிவரை கேட்கிறாள். அவளுக்கென்று இரண்டு வரி எழுதுங்கள். இருக்கிறவளும் உங்கள் பெண்தான்.

அந்தோணியார் உங்களுக்குத் துணையிருக்க வேண்டிக்கொள்ளும்,
ஞானம்மா