பொதோசியில் தண்ணீர் கொதிக்கும் சூடு

லா பாஸ்
19 ஆகஸ்ட் 1996

அன்பு ஜுல்மா,

வெள்ளிக்கிழமை உன்னிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: தெர்மாமீட்டர்கள் கெட்டுப்போகவில்லை.

பொதோசியின் அறிவியல் ஆசிரியர்கள் எல்லோரும் சுற்றி நிற்க, ஸ்டவ்வின் மேல் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பாதரசமோ எண்பத்தாறு டிகிரியில் போய் நின்றுவிட்டது. நீ எழுந்து, "லா பாஸ்காரங்க நம்ம தலையில கட்டுறதெல்லாம் இப்படித்தான். நூறுன்னே எழுதுங்கப்பா" என்றாய். எல்லோரும் சிரித்தபடி நூறு என்று எழுதினார்கள். பயிற்சிப் பட்டறையை நடத்த வந்த நான், "அப்படியா, ஆசிரியை ஜுல்மா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றேன்.

சனிக்கிழமை வேறொரு பெட்டியைப் பிரித்தோம். அந்தத் தெர்மாமீட்டர்களும் எண்பத்தாறுதான் காட்டின. நாலாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு, தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும் என்று கடைசி மேசையில் இருந்தவர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். உங்கள் தலைமை ஆசிரியர் தோன் ஃபோர்துனாதோ வாய்விட்டுச் சிரித்தார். நீ மதியச் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை.

விடையை நடத்துபவர் சொல்லக் கூடாது, செய்து பார்ப்பவர்களே கண்டுபிடிக்க வேண்டும் என்பது எங்கள் பட்டறை வழக்கம். அந்த வழக்கத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேனா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

நவம்பரில் உன் மகள் லிட்ஸிக்கு முதல் முடி வெட்டும்போது நான்தான் ஞானத்தாய் என்று ஈஸ்டர் அன்றே சொல்லியிருந்தாய். முதல் கற்றையை நான் வெட்டினால் அன்றிலிருந்து நீயும் நானும் கொமாத்ரே, பிள்ளைவழிச் சகோதரிகள். சாகும்வரை சண்டை போடக் கூடாது. அந்த அழைப்பு இன்னும் இருக்கிறதா? இல்லையென்றாலும் எழுது.

உன்
நோயெமி

*

பொதோசி
2 செப்டம்பர் 1996

நோயெமி,

ஆசிரியை ஜுல்மாவா? கல்லூரி விடுதியில மூணு வருஷம் ஒரே போர்வைக்குள்ள நடுங்கிக்கிட்டுப் படுத்தவடி நான். உனக்கு நான் ஆசிரியை ஜுல்மாவா? முதல்ல அதுக்குப் பதில் சொல்லு.

அப்புறம், காதுல வந்து ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு? "ஏய் ஜுல்மா, வாயை மூடுடி"ன்னு சொல்லியிருந்தா மூடியிருக்க மாட்டேனா? இப்போ தோன் ஃபோர்துனாதோ தினமும் என் வகுப்பு வாசல்ல நின்னு, "என்ன மேடம், காபி கொதிச்சாச்சா? எத்தனை டிகிரியில?"ன்னு கேக்குறாரு. கேட்டுட்டு அவரே சிரிச்சுக்கிறாரு.

இன்னொண்ணும் கேட்டுக்கோ. உன் எண்பத்தாறை நான் இன்னும் நம்பல. புத்தகத்துல நூறு. நான் படிச்சது நூறு. எட்டு வருஷமா சொல்லிக்குடுக்குறது நூறு. ரெண்டு பெட்டியும் ஒரே கடையில வாங்கினதுதானே?

லிட்ஸி விஷயம் கேட்டியே. கொமாத்ரே ஆயிட்டா அப்புறம் திட்ட முடியாது. நான் இன்னும் திட்டி முடிக்கல. தான்தான் ஞானத்தாய்னு என் நாத்தனார் கத்திரிக்கோலே வாங்கி வெச்சுட்டா. இப்போதைக்கு அவளுக்கும் பதில் சொல்லல, உனக்கும் சொல்லல.

ஜுல்மா
(ஆசிரியை)

*

லா பாஸ்
14 செப்டம்பர் 1996

அன்பு ஜுல்மா,

நன்றாகத் திட்டு. மிச்சம் வைக்காதே.

'ஆசிரியை' என்று அழைத்ததற்கு நியாயம் எதுவும் இல்லை. சிநேகிதிக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தேன். அந்தப் பயத்தில் உன்னை ஊர்பேர் தெரியாதவளாக்கிவிட்டேன். மன்னித்துக்கொள்.

ஆனால் காதில் சொல்லாததற்கு என்னால் முழு மனதோடு மன்னிப்புக் கேட்க முடியவில்லை. சொல்லியிருந்தால் நீ என்னை நம்பியிருப்பாய். தண்ணீரை நம்பியிருக்க மாட்டாய். இப்படி எழுதுவதால் உன் கோபம் கூடும் என்று தெரியும். வேறு மாதிரி எழுதினால் அது பொய்.

இத்துடன் ஒரு தெர்மாமீட்டர் அனுப்புகிறேன். கம்பளிக் காலுறைக்குள் இருக்கிறது. இது வேறு கடையில் வாங்கியது. லிட்ஸிக்கு முத்தம். நாத்தனாரிடம் கொஞ்சம் தாமதமாகவே பதில் சொல்.

நோயெமி

*

பொதோசி
6 அக்டோபர் 1996

அடியே நோயெமி,

உன் கடிதம் வந்த அன்னிக்கு எனக்கு வந்த கோபத்துல உன் தெர்மாமீட்டரைத் தொடவே இல்ல. நேரா மருத்துவ நிலையத்துக்குப் போய், நர்ஸ் தோன்யா பசிலியாகிட்ட காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டரை வாங்கிட்டு வந்து கொதிக்கிற தண்ணியில விட்டேன். டப்! அறிவியல் ஆசிரியைடி நான்! "நாப்பத்திரண்டுக்கு மேல தாங்காதுன்னு தெரியாதா? என்ன படிச்சு என்ன பிரயோஜனம்!"னு அந்தம்மா தெரு முழுக்கக் கேக்குற மாதிரி கத்தினாங்க. நல்லவேளை, தோன் ஃபோர்துனாதோ காதுக்குப் போகல.

அப்புறம் உன்னோடதை எடுத்தேன். எண்பத்தாறு. அப்பவும் மனசு ஒத்துக்கல. சனிக்கிழமை சுக்ரேவுக்கு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டு அம்மா, மடியில இருந்த தெர்மாமீட்டரைப் பாத்துட்டு, "யாருக்கும்மா காய்ச்சல்?"னு கேட்டாங்க. "எனக்குத்தான்"னேன். பாவம், எழுந்து பின்னால போயிட்டாங்க.

சுக்ரேவுல என் சித்தி மக வீட்டு அடுப்புல தண்ணி வெச்சேன். தொண்ணூத்தொண்ணு! அதே தெர்மாமீட்டர். கெட்டுப்போன சாமான் ஊருக்கு ஊர் வேற மாதிரியா கெட்டுப்போகும்? மலையிறங்கினா காத்து கனக்குது, தண்ணிக்குக் கொதிக்கக் கஷ்டமா இருக்கு. அந்த அடுப்படியிலயே தரையில உக்காந்து சிரிச்சேன். ஏன்னு கேளு. நம்ம வீட்டுல பயறு வேகவே வேகாது. மாமியார் பழைய பயறாப் பாத்துத் தள்ளிவிடுறாங்கன்னு கல்யாணம் ஆனதுலேருந்து மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருக்கேன்! தண்ணியில சூடு பத்தலன்னு இப்பத்தானே தெரியுது.

திங்கக்கிழமை பிள்ளைங்ககிட்ட ஸ்டவ்வைக் குடுத்துட்டேன். அவங்களே பாத்தாங்க. "டீச்சர், அப்போ போன வருஷம் நூறு இல்லைன்னு எழுதின எங்க அக்காவுக்கு ஏன் மார்க் குறைச்சீங்க?"ன்னு ஒருத்தி கேட்டா. "அக்காவை நாளைக்கு வரச் சொல்லு"ன்னேன். வந்தா. அவ பேர்ல மார்க்கைக் கூட்டிப் போட்டேன்.

காதுல சொல்லியிருந்தா நான் சுக்ரேவுக்குப் போயிருக்க மாட்டேன், உண்மைதான். ஆனாலும் நீ சொல்லியிருக்கணும், அதுவும் உண்மைதான். என்னைத் தனியா நிக்க விட்டியேடி. ரெண்டையும் வெச்சுக்கோ.

திட்டி முடிச்சாச்சு. நவம்பர் பத்து, ஞாயித்துக்கிழமை. கத்திரிக்கோல் நாத்தனாரோடது, கை உன்னோடது. அவகிட்டச் சொல்லிட்டேன், ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா, இப்போ சரியாயிட்டா.

ஜுல்மா

*

உயுனி
24 ஜனவரி 1997

அன்புள்ள கொமாத்ரே,

லிட்ஸி கடித்த விரல் ஆறிவிட்டது. அவள் தலையில் நான் மேடுபள்ளமாக வெட்டியது சமமாகிவிட்டதா? படம் எடுத்திருந்தால் ஒன்று அனுப்பு.

பொதோசியைவிடக் கொஞ்சம் தாழ்வான இந்த ஊரில் நேற்று பட்டறை தொடங்கியது. தண்ணீர் கொதித்தது. முன் மேசையிலிருந்த தோன் எலியோதோரோ என்ற பெரியவர், "இது ஓட்டைத் தெர்மாமீட்டர்" என்று நூறு எழுதினார். மற்றவர்கள் அவர் தாளைப் பார்த்து எழுதத் தொடங்கினார்கள்.

நான் அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "இன்னொண்ணு தரட்டுமா? அதையும் ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்றேன். விடையைச் சொல்லவில்லை.

அவர் வாங்கிப் பார்த்தார். தண்ணீரையும் குனிந்து பார்த்தார். மூன்றாவது ஒன்று கேட்டார், கொடுத்தேன். பிறகு தாளில் இருந்த நூறை அடித்துவிட்டு எண்பத்தெட்டு என்று எழுதினார்.

உன் கொமாத்ரே
நோயெமி