ஹெட் கழற்றாத என்ஜின்

காத்தான்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பின் மச்சானுக்கு ஹிதாயா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நீங்கள் அங்கே நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். நாங்கள் இங்கே சுகமா இல்லையா என்பதை இந்தக் கடிதத்தைக் கடைசிவரை வாசித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உங்களுக்குச் சிரிப்பு வரும். நான் வொய்ஸ் அனுப்பினால் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறீர்கள். என் கோபமெல்லாம் உங்கள் காதில் கீச்சுக் கீச்சென்று பகிடியாகத்தான் விழுந்திருக்கும். கூப்பிட்டுப் பேசினால் டியூட்டிக்கு நேரமாயிற்று என்று வைத்துவிடுகிறீர்கள். பஹீமா ராத்தாவின் மாப்பிள்ளை லீவு முடிந்து நாளைக்கு டோஹாவுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கடதாசியை வேகமாக ஓட்ட முடியாது, ஒவ்வொரு சொல்லாகத்தான் வாசிக்க வேண்டும்.

உங்கள் கூட்டத்தின் விருது விஷயம்தான். முடிவு என்ன, முடிவு என்ன என்று வெள்ளிக்கிழமையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நானும் பதில் போடவில்லை, அவர்களும் போடவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற நம் வானை நான்தான் ஓட்டுகிறேன் என்று மட்டக்களப்பு என்ஜின் ரசிகர் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டீர்கள். அதனால் எல்லாவற்றையும் வாசித்தேன். விருது கொடுக்கத் தகுந்த என்ஜின் எது என்று நீங்களெல்லாம் பிடித்த சண்டை இருக்கிறதே! ஏறாவூர்க்காரர் ஒருவர், சத்தம்தான் முக்கியம், பக்கத்தில் நின்றால் நெஞ்சுக்குள் அதிர வேண்டும் என்றார். தன்னாமுனைப் பொடியன் ஒருவன், இல்லை, சத்தமே கேட்கக்கூடாது, ஓடுகிற என்ஜின் மேல் பிளேன்டீயை வைத்தால் கோப்பைக்குள் அலை எழும்பக்கூடாது என்றான். மற்றொருவருக்கு, வேறு எவரும் செய்யாத ஒரு புதுமையைச் செய்திருக்க வேண்டும். பழைய வேலையைத் திரும்பச் செய்ததற்கு விருது எதற்கு என்று கேட்டார். வெல்லாவெளி ரதீஸ் மட்டும்தான், குதிரைபலத்தைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள், மாரியில் வயல் வட்டைக்குள் இறங்கி நெல் மூட்டையோடு சேற்றிலிருந்து ஏறுகிற என்ஜினைக் காட்டுங்கள் என்று எழுதியிருந்தார். மனதுக்குள் நான் அவருக்குத்தான் வாக்குப் போட்டேன்.

பொய் சொல்லக்கூடாது, வாசிக்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டில் நாலு சொல்லுக்கு மேல் பேசாத ஆண்கள், குளிர் காலையில் முதல் சாவியிலேயே பிடித்துக்கொள்கிற என்ஜினைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதுகிறார்கள் என்று நினைத்தேன்.

கடைசியாக நீங்கள் வந்து எழுதினீர்கள். பலமும் சத்தமும் காசு கொடுத்தால் கிடைக்கும். மேல்பகுதியான ஹெட்டை ஒரு தரமும் கழற்றாமல் இத்தனை வருஷம் பிள்ளைகளைச் சுமந்த என்ஜின் கிடைக்காது. கம்பனியில் பூட்டிய ஆணி பூட்டியபடியே இருக்க வேண்டும், அதன் மேல் பூசிய பெயின்ட் பொட்டுக்கூட அழியாமல் இருக்க வேண்டும் என்று. எல்லோரும் கைதட்டுகிற படம் போட்டார்கள். நம் ஊரில் வாகனம் வாங்க வருகிறவர்களும் அதைத்தானே முதலில் கேட்கிறார்கள், பெண் பார்க்க வருகிறவர்கள் துருவித் துருவிக் கேட்கிற மாதிரி. இந்த வருஷம் ஹெட் கழற்றாத என்ஜினுக்குத்தான் விருது என்று முடிவாயிற்று. என்ஜினைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, அது ஒரு நாளும் வழியில் விட்டதில்லை என்று ஓட்டுகிற ஆளே வாய் திறந்து சொல்ல வேண்டும் என்ற சட்டத்தையும் நீங்கள்தான் போட்டீர்கள். நான் நீங்கள் சொன்னபடி சொல்வேன் என்று உங்களுக்கு அவ்வளவு நிச்சயம்.

நான் லைசன் எடுத்தபோது ஊரில் எத்தனை கதை கதைத்தார்கள்! உங்களைப் பெற்ற மாமிகூட மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பொம்புளப் புள்ளைகள ஏத்துற வான பொம்புள ஓட்டினா என்ன குறை என்று கட்டாரிலிருந்து போன் போட்டு அவரோடு சண்டை பிடித்தது நீங்கள். அதை நான் மறக்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர் இப்படிச் செய்தாரே என்றுதான் வயிறு எரிகிறது.

நோன்புப் பெருநாளுக்குப் பிறகுதான் தண்ணீர் குறையத் தொடங்கியது. காலையில் ரேடியேட்டரை நிரப்பினால் பின்னேரம் பாதியைக் காணவில்லை. கீழே ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பின்னால் வெள்ளைப் புகை. கராஜ் முகைதீன்பாவா காக்கா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஹெட்டுக்கு அடியில இரிக்கிற கெஸ்கட் போயிட்டு தங்கச்சி, கழட்டாம வேல இல்ல, நாள நீட்டினா மறுகா ஹெட்டே வளைஞ்சிரும் என்றார். அன்றைக்கே உங்களுக்குச் சொன்னேன். விருது முடியுமட்டும் கை வெச்சிராத என்றீர்கள். ஓட்டையை அடைக்கிற மருந்தை ரேடியேட்டரில் ஊற்றச் சொன்னீர்கள். மெதுவாக ஓட்டச் சொன்னீர்கள். தண்ணீர்ப் போத்தல் வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள்.

எல்லாம் செய்தேன். சீட்டுக்குப் பின்னால் போத்தல்களை அடுக்கிக்கொண்டு, சூடு காட்டுகிற முள் ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்து ஓட்டினேன். பிள்ளைகள் பாட்டுப் போடச் சொன்னால் அதட்டினேன், என்ஜின் சத்தம் மாறுகிறதா என்று கேட்க வேண்டுமே. சிரித்துக்கொண்டு ஏறுகிற பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். உங்கள் ஆணிப் பொட்டு அழியக்கூடாது என்பதற்காக.

இனி எழுதப்போவதை ஓரிடத்தில் இருந்துகொண்டு வாசியுங்கள்.

போன கிழமை காங்கேயனோடைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆற்றோரப் பாதையால் வந்தேன். ஆரையம்பதி நெருங்கும்போது முள் மடமடவென்று ஏறியது. ஓரமாக எடுத்து நிறுத்துவதற்குள் டப் என்று சத்தம். தண்ணீர்ப் பைப் வெடித்துவிட்டது. என்ஜின் இருப்பது முன் சீட்டுக்கு அடியில். அந்தச் சீட்டில் யார் இருப்பாள் என்று உங்களுக்குத் தெரியும். என்ஜின் ராசாவுக்கு மேல இரிக்கிற ராசாத்தி என்று வீடியோவில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். அதற்குப் பிறகு வேறு சீட்டில் அவள் ஏறவே மாட்டாள்.

என்ஜின் மூடியின் இடுக்கால் கொதித்த ஆவி அடித்தது. நம் இனாயாவின் வலது கால், முழங்காலுக்குக் கீழே. அவள் முதலில் கத்தவில்லை மச்சான். உம்மா, வாப்பாட என்ஜின் சுடுது என்றாள். பிறகுதான் கத்தினாள்.

அவளை எப்படி இழுத்து எடுத்தேன் என்று தெரியாது. மற்றப் பிள்ளைகள் ரோட்டில் நின்று அழுதார்கள். முன் வீட்டு வளவிலிருந்து சின்னத்தங்கம் என்ற அக்கா ஓடிவந்து, கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக அந்தக் காலில் ஊற்றினார். நீங்க புள்ளையக் கொண்டு போங்க, இதுகள நான் பாத்துக்கொள்றன் என்று ஆட்டோவையும் அவரே மறித்துத் தந்தார். முன்பின் தெரியாத மனிசி. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டினார்கள். காயம் ஆறிவிடும், தழும்பு இருக்கும் என்று டொக்டர் சொன்னார்.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு நீங்கள் கூப்பிட்டீர்கள். வான் ரோட்டோரம் நிற்பதை எவரோ படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறார். நான் போனை எடுத்து உங்களிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். என்ன கேட்டீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? ஹெட்டக் கழட்டல்லத்தானே என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்றீர்கள். டியூட்டிக்குப் போகிறேன் என்று வைத்துவிட்டீர்கள்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. இனாயா காலில் கட்டோடு பக்கத்தில் படுத்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. வேண்டுமென்றுதான் சொல்லவில்லை. புள்ள என்ன செய்றா என்று நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு நாளும் கேட்பீர்கள் என்று பார்த்தேன். ஆணிப் பொட்டைப் படம் எடுத்து அனுப்பு, என்ஜினைத் துடைத்து வை, சோப்புத் தண்ணீர் போடாதே. இதுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ரதீஸும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். வெடித்த பைப்பை மட்டும் முகைதீன்பாவா காக்கா மாற்றித் தந்திருந்தார். பெற்றோரிடம் வான் பழுது என்று சொல்லி நான் பிள்ளைகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டேன். அவர்கள் இனாயாவின் சீட்டைத் தூக்கி, டோர்ச் அடித்து, ஒவ்வொரு ஆணியாகப் பார்த்தார்கள். பொட்டு அப்படியே இருக்குது என்று ஒருவருக்கொருவர் காட்டினார்கள். ஒருவர் பிளேன்டீ கேட்டார். குடிக்கத்தான் என்று கொடுத்தேன், அதைக் கொண்டுபோய் என்ஜின் மேல் வைத்துப் பார்த்தார். அலை எழும்பவில்லை. சத்தத்தைப் பதிவு செய்து உங்களுக்கு அனுப்பினார்கள். நீங்கள் சிவப்பு இதயம் போட்டீர்கள்.

பிறகு ரதீஸ் போனை என் பக்கம் திருப்பி, அக்கா, இது ஒரு நாளும் உங்கள வழியில விடல்லத்தானே என்று கேட்டார். ஓம் எண்டு மட்டும் செல்லு ஹிதா, மிச்சத்த நான் பாத்துக்குவன் என்று நீங்கள் காலையில் அனுப்பியது என் போனில் இருந்தது.

விட்டது என்றேன். பிள்ளைகளோடு நடு வெயிலில் விட்டது என்றேன். தண்ணீர் குறைந்தது, புகை வந்தது, ஹெட்டைக் கழற்று என்று கராஜில் சொன்னது, விருதுக்காக நீங்கள் வேண்டாம் என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். என் சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். இனாயாவைக் கூப்பிட்டேன். அவள் காலை இழுத்துக்கொண்டு வந்து கதவடியில் நின்றாள்.

ரதீஸ் போனை நிறுத்திச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவள் முன்னால் குந்தி, நோகுதாம்மா என்று கேட்டார். வெல்லாவெளியிலிருந்து என்ஜின் பார்க்க வந்த ஒரு பிற மனிதர். வெளிக்கிடும்போது, றிப்ஷான் அண்ணனுக்கு நீங்களே சொல்லுங்க அக்கா, நாங்க வாய் திறக்க மாட்டம் என்றார். அதுதான் குழுவில் ஒரு சத்தமும் இல்லை.

நேற்று ஹெட்டைக் கழற்றியாயிற்று. முதல் ஆணியை நானே கழற்றுகிறேன் என்று முகைதீன்பாவா காக்காவிடம் ஸ்பனர் சாவியை வாங்கினேன். அசையவில்லை. உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினேன். உங்கள் பெயின்ட் பொட்டு உதிர்ந்து என் கையெல்லாம் ஒட்டியது. ஹெட் வளைந்துதான் இருக்கிறது. முதலிலேயே கழற்றியிருந்தால் கெஸ்கட்டோடு போயிருக்கும் என்றார் காக்கா. ஆனால் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சூட்டையும் தாங்கி உள்ளுக்கு ஒரு கீறலும் இல்ல, சோக்கான என்ஜின் தங்கச்சி என்றார். அதைக் கேட்டதும் அங்கேயே, அத்தனை ஆண்கள் முன்னால், அழுதுவிட்டேன். அந்த என்ஜின் மேல் எனக்குக் கோபம் இல்லை மச்சான். அது தன்னால் ஏலுமானவரை ஓடியது. குறை சொல்லாமல் ஓடுகிறது என்பதற்காக ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்ஜினை மட்டும் சொல்லவில்லை.

மாமிக்குச் சீனி வருத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மழை பிடித்துவிட்டது, ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, வெள்ளம் கடலுக்கு வடிய முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லை. வான் அடுத்த கிழமை தயாராகிவிடும் என்கிறார்கள். தயாரானதும் நான்தான் ஓட்டுவேன். இனாயா மட்டும் முன் சீட்டில் ஏற மாட்டேன் என்கிறாள். பின்னால் கடைசிச் சீட்டில் இருப்பாளாம்.

இன்று காலை கட்டு மாற்றும்போது, வாப்பா கோல் எடுத்தா முதல்ல என்ன கேப்பாரு உம்மா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது.

இதை வாசித்ததும் கூப்பிடுங்கள். டியூட்டி இருந்தாலும் கூப்பிடுங்கள். போனை நான் எடுக்க மாட்டேன், அவள் கையில்தான் கொடுப்பேன். அந்த நேரம் அல்லாஹ் உங்கள் நாவில் நல்ல சொல்லை வைக்கட்டும். ஆமீன்.

இப்படிக்கு,
இனாயாவின் உம்மா,
ஹிதாயா.