மாசி மகத்தில் அப்பா சொன்ன பெயர்

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.

அன்பு மகள் கலைவாணிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் அருணும் அந்தக் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் அப்பா அடுத்த அறையிலிருந்து காதைக் கொடுப்பார், அதனால் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும். இங்கே பக்கத்து மேட்டுப்பாளையம் கம்பெனியில் அவருக்கு இப்போது பகல் ஷிப்ட் மட்டும்தான், முழங்கால் வலி பரவாயில்லை. எதிர்வீட்டு மணியம்மாள் அக்கா உன்னை விசாரித்தார்கள்.

மாசி மகத்துக்கு இந்த வருஷமும் வைத்திக்குப்பம் போனோம். பெரிய மார்க்கெட்டில் சம்பங்கி மாலை வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறினோம், பாதி வழியில் போலீஸ் நிறுத்திவிட்டார்கள், மீதி நடைதான். கடற்கரையில் அதே கூட்டம், ஊர் ஊராக வந்த சாமிகள் பந்தலில் வரிசையாக நின்றார்கள். சின்ன வயதில் நீ அப்பா தோளில் உட்கார்ந்து, "இத்தினி சாமியும் கடல்ல குளிக்க வருதே, அதுங்க ஊட்ல கொழாத் தண்ணி வரலியாப்பா" என்று கேட்டாய். அதைக் கம்பெனி முழுக்கச் சொல்லிச் சிரித்தவர், வேற்று மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டு நீ போனதிலிருந்து அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அங்கே கடலாட வரும் மயிலம் முருகனுக்கு அர்ச்சனை கொடுக்கும்போதும் தன் பெயர், என் பெயரோடு நிறுத்திவிடுவார். உன் பெயரையும் அனுஷ நட்சத்திரத்தையும் நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன், வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வந்ததில்லை.

இந்த முறையும் அப்படித்தான் என்று கண்ணை மூடி நின்றேன். எங்கள் இரண்டு பேரையும் சொல்லிவிட்டு அப்பா கொஞ்சம் நிறுத்தினார். பிறகு "கலைவாணி, அனுஷம்" என்றார். கண்ணைத் திறப்பதற்குள் "மரிய அருண்" என்றும் சொல்லிவிட்டார். அர்ச்சகர் நட்சத்திரம் கேட்க, அப்பா என்னைப் பார்த்தார், நான் மாலையைப் பார்த்தேன். பின்னால் ஒருவர், "அண்ணே, சீக்கிரம் சொல்லுண்ணே, மணலு காலைச் சுடுது" என்று கத்துகிறார். அர்ச்சகர், "தெரியலன்னா பொண்ணு நட்சத்திரத்தோட சேத்துப் பண்ணிடுறேன்" என்றார். "அது அவளோடது சாமி, அவருக்கு அவரோடது வேணும்" என்று அப்பா தட்டை விடாமல் பிடித்துக்கொண்டார். கடைசியில் முருகன் பெயருக்கே செய்து தந்தார்கள். வரும் வழியெல்லாம் எனக்குத் திட்டுதான். "பி.ஏ. படிச்சிருக்கன்னுதான் பேரு, மாப்ள நட்சத்திரத்தக் கேட்டு வெச்சிக்கத் தெரில உனக்கு" என்றார். அவர்கள் வீட்டில் நட்சத்திரம் பார்க்க மாட்டார்களே என்றேன். "பொறந்த தேதியும் நேரமும் இருந்தா நாம பாத்துக்கலாம், அந்தப் புள்ள என்ன நேரம் இல்லாமயா பொறந்திச்சி" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, முந்தானையால் முகத்தைத் துடைத்து வியர்வை என்று சொல்லிவிட்டேன்.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. வெறும் காலோடு தரையில் நடக்காதே. இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து நிறைவாக வாழ வேண்டும், அந்த முருகன் பார்த்துக்கொள்வான்.

அருண் பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் மறக்காமல் அனுப்பு. நேரம் தெரியாவிட்டால் அவர் அம்மா சகாயசெல்வியிடம் கேள். அப்பாதான் கேட்டார் என்று அருணிடம் தாராளமாகச் சொல், சொல்லாதே என்று அவர் என்னிடம் சொல்லவில்லை.

உன் அம்மா,
சரிதா