எந்த நாட்டு மரம் என்று தெரியாத மணவறை

அனுப்புநர்:
சுகந்தினி சஞ்சீவன்,
ஹென்டர்சன், ஆக்லாந்து.

பெறுநர்:
தலைமை அதிகாரி,
இறக்குமதி மூலநாடு சரிபார்க்கும் பிரிவு,
ஆக்லாந்து.

பொருள்: தடுத்து வைக்கப்பட்டுள்ள மணவறையைச் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பும்படி வந்த உத்தரவு தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

மொழிபெயர்ப்பாளர் உதவி உண்டு என்று தங்கள் கடிதத்தின் அடியில் இருந்ததால் தமிழில் எழுதுகிறேன்.

1. என் மகள் நிலானியின் திருமணத்துக்காகச் சீனாவிலிருந்து பிளைவூட் மணவறை ஒன்றை வரவழைத்தேன். தூண்கள், கோபுரம், இருபுறமும் யானைகள். பலகை ரஷ்ய மரமாக இருக்கலாம், ரஷ்யப் பொருட்களுக்குப் போர்த்தடை உள்ளது என்று தங்கள் பிரிவு அதை ஈஸ்ட் டாமாக்கி கிடங்கில் நிறுத்தியது.

2. சீனத் தொழிற்சாலை முகாமையாளர் லின் அம்மையாரிடம் விசாரித்தேன். முன்பு ஐரோப்பாவுக்குப் போன ரஷ்ய மரம், தடைக்குப் பிறகு வாங்க ஆளின்றி ரஷ்ய-சீன எல்லை ஆற்றைக் கடந்து மலிவாகச் சீனத் தொழிற்சாலைகளுக்கு வருகிறது என்றும், மரம் கொண்டுவந்த லொறிகள் கார்களை ஏற்றிக்கொண்டு திரும்புகின்றன என்றும், பலகையான பின் எது யாருடைய மரம் என்று தனக்கே தெரியாது என்றும் எழுதினார். அதை அப்படியே தங்களுக்கு அனுப்பினேன். என் கணவர், "உண்மையைச் சொன்னா விட்டிடுவினம் எண்டு நினைச்சனியோ?" என்று கேட்டார். ஓம், நினைத்தேன்.

3. பதிலாக, மரம் ஆற்றின் எந்தக் கரையில் நின்றது என்றும், யானைகளுக்கு இராணுவப் பயன்பாடு உண்டா என்றும் கேட்டீர்கள். முதற்கேள்விக்குத் தெரியாது என்றும், இரண்டாவதற்கு இல்லை, தும்பிக்கையில் மாலை உள்ளது என்றும் பணிவுடன் எழுதினேன்.

4. திருமண நாள் வந்துவிட்டது. உரிமையாளர் குடும்பத்தோடு பொருளைப் பார்வையிடலாம் என்று விதி இருப்பதைத் தங்கள் ஆய்வாளரே சொன்னார். அதனால் திருமணத்தையே கிடங்கில் நடத்த முடிவு செய்தோம். காரில் அழுதபடி போனேன். அங்கே எல்லோருக்கும் செம்மஞ்சள் பாதுகாப்பு அங்கி தந்தார்கள். நிலானி கூறைச்சேலைக்கு மேல் அதை அணிந்தாள். மாப்பிள்ளை பிருந்தன் தலைப்பாகையைக் கழற்றித் தலைக்கவசம் போட்டார். நெருப்புக்குத் தடை என்பதால் ஐயர் நெடுநேரம் யோசித்து மின்விளக்கை அக்கினியாக ஏற்றுக்கொண்டார். மேளத்துக்கும் அனுமதி இல்லை. தாலி கட்டும்போது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள் ஒன்றாக ஹோர்ன் அடித்தார்கள். "அம்மா, ஸ்டொப் க்ரையிங், இட்ஸ் பெர்ஃபெக்ட்" என்றாள் மகள். ஆய்வாளரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொருள் நல்ல நிலையில் உள்ளது என்று அறிக்கை எழுதினார்.

5. இப்போது, சீன மரம் என நிரூபிக்கப்படாததால் மணவறையைச் சொந்த நாட்டுக்கே அனுப்பும்படி உத்தரவு வந்துள்ளது. எந்த நாடு என்று கப்பல் நிறுவனம் கேட்கிறது. தங்கள் அலுவலகம், தீர்மானிக்கப்படவில்லை என்கிறது. சீனா என்று எழுதினால் பொய் சொன்னவள் ஆவேன். ரஷ்யா என்று எழுதினால் தடையை மீறி யானைகளை ஏற்றுமதி செய்தவள் ஆவேன்.

6. ஐயா, நானும் என் கணவரும் போரிலிருந்து தப்பி இங்கு வந்தபோது எங்கள் பத்திரங்களும் முழுமையாக இருக்கவில்லை. எங்கே திருப்பி அனுப்புவது என்று தங்கள் நாடு எங்களையும் நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, சரி, இருங்கள் என்று விட்டது. இந்த மணவறைக்கும் அந்த ஒரு சொல்லைத் தந்து உதவும்படி வேண்டுகிறேன்.

இடம்: ஆக்லாந்து
திகதி: 14.10.2025

தங்கள் உண்மையுள்ள,
சு. சஞ்சீவன்
(மணவறையின் உரிமையாளர்)